ஜப்திக்குப் போன கதவு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்குதுங்க. எதையாவது பாத்துட்டா கேள்வி கேக்காம இருக்க முடியாது. கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த புதுசுல, "இந்தப் புள்ளை வாயைத் தெறந்தா 'ஏன்'ங்கறதைத் தவிர வேற ஒண்ணும் வராதா?"ன்னு எங்க மாமனாரு சிரிப்பாரு. அதனால ஊட்டு வரி பாக்கிக்கு ஜப்தி பண்ணோணும்னு பஞ்சாயத்து ஆபீசுல இருந்து ஆளுங்க வந்து நின்னப்ப, எனக்குப் பயம் வர்றதுக்கு முன்னாடி கேள்விதான் வந்துச்சு.

பாக்கி விழுந்ததுல பெரிய கதை ஒண்ணும் இல்லை. மாமனாரு இருந்த வரைக்கும் வருசா வருசம் அவரே போய்க் கட்டிட்டு வந்துருவாரு. அவரு போனதுக்கு அப்பறம் வரி எங்க அத்தை பேருக்கு, அதாவது என் மாமியாரு பேருக்கு மாறுச்சு. எங்க ஊட்டுக்காரரு ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஜீப் ஓட்டறாரு. கொரோனா வந்து ஜீப் நின்னப்ப வரியும் நின்னுது. ஜீப் மறுபடி ஓட ஆரம்பிச்சுது, வரி மட்டும் நின்ன எடத்துலயே நின்னுருச்சு. "அடுத்த மாசம் கட்டிரலாம் புள்ளை"ன்னு அவரு சொல்லாத மாசமே கெடையாது.

இதுல இன்னொரு வம்பும் சேந்துக்குச்சு. எங்க ஊடு ஒரு காப்பி எஸ்டேட்டு ஓரத்துல, எல்லைக் கல்லுக்கு வெளியே, புறம்போக்குல இருக்குது. மாமனாரு அந்த எஸ்டேட்டுலதான் வேலை பாத்தாரு. ஆனா ஊடு, அவரும் அத்தையும் மண்ணு மிதிச்சுக் கட்டுனது. எஸ்டேட்டைப் புதுசா வாங்குனவங்க காட்டேஜ் கட்டப் போறாங்களாம். "ஓரத்துல இருக்கறது எல்லாம் கூலியாளுங்களுக்கு எஸ்டேட்டு கட்டிக் குடுத்த லைன் ஊடுதான், காலி பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. அக்கம் பக்கத்துல இருந்தவங்க குடுத்த காசை வாங்கிட்டு அடிவாரத்துக்கு எறங்கிட்டாங்க. நாங்க மட்டும் நின்னோம். பட்டா கெடையாது. பழைய வரி ரசீதையெல்லாம் கரையான் தின்னுருச்சு. எங்க ஊடுன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட வாய் மட்டுந்தான் இருந்துச்சு.

எஸ்டேட்டு ரைட்டருன்னு ஒருத்தரு, ஆள் கணக்கு கூலிக் கணக்கு பாக்கறவரு. அவரு எங்க ஊட்டுக்கு வந்தா கூப்புடவே மாட்டாரு. குடை முனையால கதவை ஒரு தள்ளுத் தள்ளிட்டு நேரா உள்ள வந்துருவாரு. சோறு தின்னுட்டிருந்தாலும் சரி, தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட நின்னாலும் சரி. கேட்டா, "எஸ்டேட்டு ஊட்டுக்குள்ள வர எனக்கென்ன பர்மிசன் வேணும்?"ம்பாரு. அவரு போனதும் அத்தை எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்துவாங்க, அவ்வளவுதான்.

ஜப்திக்கு வந்தது மார்ச்சு மாசம், காப்பி பூத்திருந்த சமயம். கிளார்க்கு ஒருத்தரு, தண்ணி டேங்க் ஆபரேட்டரு ஒருத்தரு, கூடவே குப்பை அள்ற பேட்டரி வண்டி. கிளார்க்கு கீழ இருந்து மாத்தலாகி வந்த புது ஆளு. மேடேறி மூச்சு வாங்க வந்து நின்னவரைப் பாத்து எனக்கே பாவமாப் போச்சு.

"ஏனுங்கம்மா, நோட்டீசு குடுத்தும் கட்டலீங்களே. வருசக் கடைசிங்க, மேல இருக்கறவங்க உசுரை எடுக்கறாங்க. இன்னிக்கு எதையாச்சும் எடுத்துட்டுப் போகலைன்னா எனக்குத்தாங்க மெமோ."

"எதை எடுப்பீங்க?"ன்னு கேட்டேன். நெசமாவே தெரிஞ்சுக்கோணும்னு இருந்துச்சு.

"வெலை போறது எதாச்சுமுங்க." சுத்தி ஒரு பார்வை பாத்தாரு. டிவி மேல கண்ணு நின்னுச்சு.

"அது கவர்மெண்டு சும்மா குடுத்ததுங்க."

"அய்யோ, அது வேண்டாம். கவர்மெண்டு குடுத்ததை நானே தூக்கிட்டுப் போனேன்னு வாட்ஸப்புல போட்டுருவாங்க."

மிக்சியும் அதே கதைதான். சோறாக்கற பாத்திரத்தைத் தொடக் கூடாதாம். மம்முட்டி, செடி வெட்டற கவாத்துக் கத்தி எல்லாம் தொழில் சாமான், அதையும் எடுக்கக் கூடாதாம். வெளிய கட்டியிருந்த ஆட்டைக் காட்டுனேன். "ஆடு வேண்டாஞ் சார், அதுக்குத் தழை ஒடைச்சுப் போடறது யாரு?"ன்னு டேங்க் ஆபரேட்டரு பதறிட்டாரு. கடன்காரி நான், எதை எடுக்கலாம்னு அவங்களுக்கு ஊட்டைச் சுத்திக் காட்டிட்டு இருந்தேன். இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது!

டீ போட்டுக் குடுத்துட்டு அடுத்ததைக் கேட்டேன். "சரிங்க, எடுத்துட்டுப் போறப்ப யாரு பேரை எழுதுவீங்க?"

"ஊட்டுக்காரங்க பேருதாங்க. இன்னாரு ஊட்டுல இன்ன சாமான்னு எழுதி, கையெழுத்து வாங்கிட்டு, அந்தக் காகிதத்துல ஒரு காப்பி குடுத்துருவோம். அப்பறம் அவங்கதான் வந்து பணத்தைக் கட்டி மீட்டுக்கோணும். வேற யாரும் வந்து கேட்டாக் குடுக்க மாட்டோம்."

"ஊட்டுக்காரங்கன்னா?"

"ஊடு யாருதோ அவங்கதாங்க. இதென்னங்க கேள்வி?"

எனக்கு மண்டைக்குள்ள என்னமோ இடிச்சுது. என்னன்னு புடிபடலை. அடுப்புக்கிட்ட உக்காந்திருந்த அத்தை தலையைத் தூக்கி அவரைப் பாத்தாங்க.

அந்த நேரம் பாத்துக் கதவு படார்னு தெறந்துச்சு. ரைட்டரு! பேட்டரி வண்டியைப் பாத்துட்டு வந்திருக்காரு. "என்ன சார், எங்க எஸ்டேட்டு ஊட்டுல ஜப்தியா? எவ்வளவு பாக்கி? நான் கட்டிடறேன்."

வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ஒரு நிமிசம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இந்த மனுசனுக்குள்ள இப்படி ஒரு நல்ல மனசான்னு கூட நெனைச்சுட்டேன். அவரு வெளிய போய் மேனேஜருக்குப் போன் பண்ணிப் பேசிட்டு வந்தாரு. பாக்கெட்டுல இருந்து பணத்தை எடுத்தாரு. "ரசீதை எஸ்டேட்டு பேருக்குப் போட்டுருங்க சார். இனிமே வரி எங்களுதுதான்."

அடப்பாவி மனுசா! அப்பத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. இன்னிக்கு இவரு கட்டிட்டா, நாளைக்குக் கேக்கறவங்ககிட்ட எங்க ஊட்டுக்கு நாங்க சொல்ல ஒண்ணுமே இருக்காது. எங்க கையில அன்னிக்குப் பணமும் இல்லை. ஊட்டுக்காரரு குப்பனூர் ரோட்டுல சவாரி போயிருந்தாரு. கிளார்க்கு மூஞ்சியில வெளிச்சம் வந்துருச்சு. "பணம் வந்தாச் சரிங்க. பேரு மாத்த ஒரு மனு மட்டும் எழுதிக் குடுத்துருங்க"ன்னு ரசீது போடக் கெளம்பிட்டாரு.

"வேண்டாஞ் சாமி. ஜப்தி பண்ணுங்க."

அத்தைதான். அடுப்புக்கிட்ட இருந்து எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"அவருதான் கட்டறேங்கறாரேம்மா!"

"பாக்கி என்னுதுங்க. அவரு ஏன் கட்டோணும்? என் பேரை எழுதி ஜப்தி பண்ணுங்க."

"பாக்கி எஸ்டேட்டோடது!"ன்னு ரைட்டரு கத்துனாரு.

"என்னுது!"

கிளார்க்கு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. "நான் போற எடத்துல எல்லாம் எனக்குப் பாக்கியே இல்லைன்னுதாங்க சண்டை போடுவாங்க. பாக்கி என்னுதுன்னு ரெண்டு பேரு மல்லுக்கு நிக்கறதை இன்னிக்குத்தாங்க பாக்கறேன்." அப்பறம் ரைட்டரைப் பாத்து, "சார், வரி இந்தம்மா பேருல இருக்குது. இவங்க வேண்டாங்கறப்ப நான் உங்ககிட்ட வாங்குனா, பின்னால ஆபீசு ஆபீசா நான்தான் ஏறி எறங்கோணும். விடுங்க"ன்னு பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு. "ஆனா எதைம்மா எடுக்கறது? ஒண்ணுமே இல்லையே!"

அத்தை கையை நீட்டுனாங்க. "கதவை எடுங்க."

அது பலாமரக் கதவு. மாமனாரு செம்மநத்தத்துல மரத்தை வெலை குடுத்து வாங்கி, அறுத்து, பலகையைத் தலையில சொமந்துட்டு வந்து செஞ்சது. ஊட்டுலயே வெலை போற பொருள் அது ஒண்ணுதான்.

"கதவெல்லாம் அந்தக் காலத்துல எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நான் எடுத்ததில்லீங்களே"ன்னு கிளார்க்கு தலையைச் சொறிஞ்சாரு.

"எடுக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்குதுங்களா?"ன்னு கேட்டேன்.

"அது... தெரியலீங்க."

"அப்ப எடுங்க."

கீலுல ஸ்க்ரூ எல்லாம் துருப்புடிச்சு ஒட்டிட்டு இருந்துச்சு. டேங்க் ஆபரேட்டரு திருப்பிப் பாத்துட்டு முடியலைன்னாரு. அத்தை உள்ள போய்த் தேங்காய் எண்ணெய் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு கீலுக்கும் அவங்களே சொட்டுச் சொட்டா விட்டாங்க. எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. அவங்க அழுகலை. கிளார்க்கு எழுதுனதைச் சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அவங்க பேரும் "சொந்த வீட்டின் முன் கதவு"ங்கறதும் வந்ததும், "இன்னொருக்காப் படிங்க சாமி"ன்னாங்க. அவரு குடுத்த காகிதத்தை மடிச்சு இடுப்புல சொருகிட்டாங்க. ரைட்டரு குடையை எடுத்துட்டுப் போயிட்டாரு.

கதவு பேட்டரி வண்டியில ஏறலை. சவாரி முடிச்சு வந்த எங்க ஊட்டுக்காரரு, "என்னடி பண்ணி வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்!"னு வாசல்லயே தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. வெவரம் சொன்னதும் எந்திரிச்சாரு. கடைசியில எங்க கதவை எங்க ஜீப்பு மேலயே கட்டி ஜப்திக்கு அனுப்பி வெச்சோம். வாடகை யாரு குடுப்பாங்கன்னு கேட்டேன். கிளார்க்கு காதுல விழாத மாதிரி போயிட்டாரு.

கதவில்லாத ஊடு எப்படி இருக்கும்னு எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. காலையில பனி தாராளமா உள்ள வந்து அடுப்பு வரைக்கும் நின்னுச்சு. கூடவே காப்பிப் பூ வாசம். குரங்கு ஒண்ணு வந்து வாழைப்பழத்தை எடுத்துட்டு நிதானமா நடந்து போச்சு. மனுசங்களும் இனிமே இப்படித்தான் வருவாங்கன்னு நெனைச்சேன். ஆனா பாருங்க, கீழ்க்காட்டுல இருந்து கொத்தமல்லி கேட்டு வந்த அக்கா, வாசல் நிலைக்கு வெளியவே நின்னு, "ஊட்டுல இருக்கீங்களா?"ன்னு கூப்புட்டுச்சு. உள்ள நாங்க உக்காந்திருக்கறது அதுக்கு நல்லாவே தெரியுது. "ஏனக்கா, கதவுதான் இல்லையே, வர்றதுதானே?"ன்னேன். "அதுக்காக? நல்லா இருக்குது போ!"ன்னுச்சு.

ஊட்டுக்காரரு காலையிலயே அங்க இங்க பொரட்டுன பணத்தை எடுத்துட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு. நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். மேட்டுல குடை வர்றது தெரிஞ்சுது. இன்னிக்கு உள்ள காலை வெச்சா ரெண்டுல ஒண்ணு பாத்துரோணும்னு கரண்டியோட எந்திரிச்சேன்.

ரைட்டரு வந்தாரு. தள்ளறதுக்குக் கதவு இல்லை, நேரா நடந்து வந்திருக்கலாம். நிலைக்கு வெளியவே நின்னுட்டாரு. குடையைக் கக்கத்துல இடுக்கிட்டு, விரலை மடக்கி நிலையைத் தட்டுனாரு.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க?"

அவருக்கு நேர் எதிர்ல அடுப்புக்கிட்ட உக்காந்திருந்த அத்தை, "யாருங்க அது?"ன்னாங்க.

"நான்தானுங்கம்மா. மேனேஜர் பேசச் சொன்னாருங்க. இந்த ஊட்டை என்ன வெலைக்குக் குடுப்பீங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

நேத்து வரைக்கும் அவங்க ஊடு. இன்னிக்கு வெலை கேக்கறாங்க. நான் கரண்டியைக் கீழ வெச்சேன்.

அத்தை அடுப்புல வெறகைத் தள்ளி விட்டுட்டு நிதானமாச் சொன்னாங்க. "கதவு ஆபீசுல இருக்குதுங்க. என் மவன் மீட்டுட்டு வரப் போயிருக்கறான். வந்ததும் மாட்டிருவோம். அப்பறம் வந்து தட்டுங்க. தெறக்கறதா வேண்டாமான்னு நான் யோசிக்கறேன்."