ஏழாவது ஆட்டமும் எங்கள் வீட்டுச் செபமாலையும்

கூடைப்பந்தில் கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகள், அதுதான் பிளேஓஃப், சூடுபிடிப்பது மே மாதத்தில். எங்கள் கத்தோலிக்கத் தமிழ் ஆட்கள் வீடு வீடாகப் போய் மாதாவுக்குச் செபமாலை சொல்வதும் மே மாதத்தில். இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தவர் யாரோ, வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண்ணை அவர் நினைத்தே பார்க்கவில்லை.

நான் இருப்பது கனடாவில், மொன்ட்ரியால்-நோரில். வேலை டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில். விடியப் போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மகன் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடிய காலத்தில் அவனைக் கூட்டிவரப் போய், வாங்கில் குந்தியிருந்து காத்திருந்தே இந்த விளையாட்டுக்குள் விழுந்தேன். அவன் இப்போது லவாலில் வீடு வாங்கிப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டான். "அம்மா, நீங்கள் இன்னும் உதைப் பாக்கிறீங்களோ?" என்று என்னைக் கேட்கிறான். தொற்றவைத்தவனுக்குச் சுகமாகிவிட்டது. எனக்குத்தான் மாறவில்லை.

எங்கள் நகரத்துக்கென்று பெரிய கூடைப்பந்து அணி இல்லை. இங்கே மே மாதம் வந்தால் வேலைத்தலத்தில் எல்லோரும் கதைப்பது ஹொக்கி. ஆகவே வேறொரு நகரத்து அணியை எங்கள் அணி என்று வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன். அந்த அணி சில வருடங்களாக நடுவில் நிற்கிறது. கிண்ணம் வெல்கிற அளவுக்கு நல்லதுமில்லை, டிராஃப்டில் நல்ல பெடியனைப் பிடிக்கிற அளவுக்கு மோசமுமில்லை. டிராஃப்ட் ஜூனில் வரும். புதிதாக வருகிற இளம் வீரர்களை அணிகள் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்கிற நாள் அது. மோசமாக விளையாடிய அணிகள்தான் முன்னுக்கு நின்று தெரிவுசெய்யும். இதை என் கணவருக்கு விளங்கப்படுத்தப் போனது என் பிழை.

"அப்ப தோத்தா நல்லதுதானே?" என்றார்.

"நல்லதில்லை."

"நீர்தானே சொன்னீர், தோத்தவனுக்குத்தான் முதல் எண்டு."

"அது வேற தோல்வி. இது பிளேஓஃப்."

"தோல்வியிலயும் சாதி இருக்கோ?" என்று கேட்டுவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இந்த வருடம் எங்கள் அணி எப்படியோ பிளேஓஃபுக்குள் நுழைந்தது. யார் முதலில் நான்கு ஆட்டம் வெல்கிறார்களோ அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. ஏழாவது ஆட்டம் வியாழன் பின்னேரம் ஏழு மணிக்கு. வியாழன் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் எங்கள் வீட்டில் செபமாலை.

செபமாலையை நடத்துகிற அண்ணைக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, வியாழனை வெள்ளிக்கு மாத்தேலாதோ?"

"ஏன் தங்கச்சி, ஆருக்கும் சுகமில்லையோ?"

ஆட்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லை அண்ணை, கொஞ்சம் வேலை" என்றேன்.

"மாதாவுக்கு முன்னால என்ன வேலை? நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

சரி, ஆட்டத்தைப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். ஆட்டத்தில் யார் வென்றது என்று சொல்லவேண்டாம் என்று மகனுக்கும், வேலையில் கூட நிற்கிற பெண்ணுக்கும் எச்சரிக்கை செய்தேன். என் கைபேசியை அலுமாரிக்குள் வைத்தேன். கணவரைப் பற்றிப் பயமில்லை. அவருக்கு எந்த அணி எந்த நிறம் என்றே தெரியாது.

நான் மறந்தது மேல்வீட்டை. மேலே இருப்பது ஹெய்ட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவருடைய இரண்டு வளர்ந்த மகன்மாரும். அவர்களுக்கும் எங்கள் அணிதான். எங்கள் கட்டடத்தின் கூரைப்பலகை எவ்வளவு மெல்லியது என்றால், அந்த அம்மா தும்மினால் நான் கீழேயிருந்து வாழ்த்தலாம்.

ஏழு மணிக்கு வரவேற்பறை நிரம்பிவிட்டது. சோபாவில் முதியவர்கள், கீழே பாய் விரித்து மற்றவர்கள். செபமாலையில் தேவ இரகசியங்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மணி; அண்ணை நடத்தினால் இடையில் பாட்டு, வாசகம், பிரசங்கம் என்று இரண்டரை மணித்தியாலம் போகும். ரீவியை ஒரு வெள்ளைத் துணியால் மூடி அதற்கு முன்னால் மாதா சுரூபத்தை வைத்திருந்தோம். முதல் தேவ இரகசியம் தொடங்கியதும் மேலே 'தொம் தொம்' என்று கால்கள் விழுந்தன. எங்கள் அணி பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டது. கேட்கக்கூடாது என்று கண்ணை இறுக்கி மூடினேன். கண்ணை மூடினால் காது இன்னும் கூர்மையாகிறது. இரண்டாம் தேவ இரகசியத்தில் மேலே கைதட்டல், பாட்டு. மூன்றாவதில் வீடே அதிர்ந்தது. மாதாவுக்கு முன்னால் ஏற்றியிருந்த விளக்கின் சுடர் ஆடியது.

"என்ன, மேல கலியாணமோ?" என்று அண்ணை செபத்தை நிறுத்திக் கேட்டார்.

"பிறந்தநாள் போல" என்றார் என் கணவர்.

நாங்கள் நன்றாக முன்னுக்கு நிற்கிறோம் என்று எனக்கு விளங்கிவிட்டது. சந்தோசம் தாங்கவில்லை. செபத்தை உரத்த குரலில் சொன்னேன்.

நான்காவதில் மேலே சத்தம் குறைந்தது. இடைக்கிடை ஒரு அலறல் மட்டும். கடைசித் தேவ இரகசியத்தின் பத்து மணியையும் வீட்டுக்காரி சொல்லவேண்டும் என்று அண்ணை என்னைக் கேட்டார். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். மேலே ஒரு கதிரை இழுபட்டது. பிறகு ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. அந்த மௌனம் என்னவென்று எனக்குத் தெரியும். அவ்வளவு முன்னுக்கு நின்றுவிட்டு எப்படி விட்டார்கள்? வழக்கம்போலக் கடைசி நிமிடங்களில் பந்தை ஒருவனிடமே கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் மரம் மாதிரி நின்றிருப்பார்கள். செபத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"சொல்லுங்கோ தங்கச்சி, சொல்லுங்கோ" என்று அண்ணை மெதுவாகச் சொன்னார். பக்கத்திலிருந்த அக்கா என் முதுகைத் தடவினார்.

முடிந்ததும் நான் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்துக்கொண்டு போகும்போது அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்த மாசம் எத்தினை வீட்டில சொன்னனாங்கள். இந்தத் தங்கச்சி மாதிரி உருகிச் சொன்ன ஒராளைக் காணேல்லை."

என் கணவர் மட்டும் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஆட்கள் போனபின், "தோத்துப்போச்சுதோ?" என்றார். முதல் தடவையாகச் சரியான கேள்வி கேட்டார். எனக்கு அதிலும் எரிச்சல்தான் வந்தது. பதிவுசெய்ததைப் பார்க்காமலே அழித்துவிட்டேன்.

அடுத்தநாள் படிக்கட்டில் மேல்வீட்டு அம்மாவைக் கண்டேன். என்னுடைய பிரெஞ்சு அரைகுறை, அவருடைய கோபம் முழுசு. அந்தக் கடைசி நிமிடங்களைக் கையால் காலால் நடித்துக் காட்டினார். மரம் மாதிரி நின்றதையும் காட்டினார். டிராஃப்டைச் சேர்ந்து பார்ப்போம் என்று அங்கேயே பேசிக்கொண்டோம்.

ஜூனில் மேலே போய் அவருடைய சோபாவில் இருந்தேன். எங்களுக்கு வேண்டியது தூரத்திலிருந்து கூடைக்குள் போடத்தெரிந்த ஒருவன். நெட்டையர் எங்களிடம் ஏற்கனவே நிறைய. எங்கள் முறை வந்தபோது வேண்டிய பெடியன் இன்னும் மிச்சமாக இருந்தான். அம்மா என் கையைப் பிடித்தார். மேடையில் ஒரு பெயரை வாசித்தார்கள். எழும்பி வந்தவன் இன்னொரு நெட்டையன்.

"ஆங்கோர் அன் க்ரான்!" என்று அம்மா கத்தினார். இன்னுமொரு நெட்டை என்று எனக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

ரீவியில் அவனுடைய கை எவ்வளவு நீளம், கால் எவ்வளவு நீளம் என்று புடைவை அளக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் தேறிவிடுவானாம். பந்து போடுவது மட்டும் இன்னும் சரிவரவில்லையாம். பந்து போடத் தெரியாதவனைத்தான் இவ்வளவு பேர் கூடியிருந்து யோசித்து எடுத்திருக்கிறார்கள்!

பிறகு அவனுடைய தாயைக் காட்டினார்கள். அந்த மனுசி மகனின் கோட்டுத் தோளில் ஏதோ ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதார்.

"பெடியனில பிழையில்லை" என்று நான் தமிழில் சொன்னேன். மேல்வீட்டு அம்மா விளங்கியது போலத் தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவனை எடுத்தவர்களைத் திட்டத் தொடங்கினோம், அவர் தன்னுடைய மொழியிலும் நான் என்னுடைய மொழியிலும்.