ஜோடியில் ஒரு பெயர்

சேந்தமங்கலம் சாலையில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஆட்களைத் தனித்தனியாகச் சேர்ப்பதில்லை. கணவனும் மனைவியுமாக, ஜோடியாகவே சேர்ப்பார்கள். அவன் தீவனம் போடுவான், அவள் முட்டை பொறுக்குவாள். பேச்செல்லாம் அவனோடுதான்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பண்ணையாளர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று சென்ற ஆண்டு அரசு அறிவித்தது. வந்திருப்பவர் யாரென்று தெரிந்தால்தான் மருத்துவமும் பள்ளியும் அவர்களைத் தேடிப் போக முடியும் என்பது நோக்கம். கல்லூரி விடுமுறையில் இருந்த நான் படிவத்தை நிரப்பினேன். ஒடிசாவிலிருந்து ஒரு ஜோடி அப்போதுதான் வந்திருந்தது. உடன் வந்த குடும்பத்தினர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஜோடின்னா நமக்கு ஒரு ஆளுதான் சாமி. அவம் பேரை மட்டும் போடு, போதும்."

கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவள் மசக்கையில் வாடியிருந்ததைப் பார்த்திருந்தும் விட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கிராமச் செவிலியர், பதிவான பெயர்களின் பட்டியலோடு வந்தார். கோழிகளுக்கு நோய் பரவும் காலம். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கேட்டருகிலேயே நின்று, பட்டியலில் இருந்த அவள் கணவனை மட்டும் பரிசோதித்துவிட்டுப் போனார். நான் அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது. எழுந்து போகவில்லை.

எட்டாம் மாதத்தில் அவளுக்குக் கால்கள் வீங்கின. ஒரு காலையில் ஷெட்டுக்குள் வலிப்பு வந்து விழுந்தாள். நாமக்கல் மருத்துவமனையில் குழந்தை இறந்தே பிறந்தது. இரத்த அழுத்தத்தை ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லையா என்று மருத்துவர் கேட்டாராம். அதைச் சொன்ன அப்பா அன்று சாப்பிடவில்லை.

வெளியூர்க்காரர்களை ஊர் இடுகாட்டில் புதைக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். எங்கள் சோளக்காட்டின் மேற்கு மூலையில் குழந்தையைப் புதைக்க அப்பா இடம் கொடுத்தார்.

அவர்கள் ஒடிசாவுக்கே திரும்பிய நாளில்தான் அவள் முதன்முதலாக என்னிடம் பேசினாள். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ்.

"அக்கா, அங்க மட்டும் ஏர் ஓட்ட வேண்டாங்க."

சரி என்றேன். அப்பா அந்த இடத்தில் நான்கு கற்களை நட்டார். ஆனியில் நான் சேலத்தில் விடுதியில் இருந்தேன். டிராக்டர் ஓட்ட வந்தவர் புதியவர். கற்களைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு மூலைவரை உழுதிருக்கிறார். பத்து நாள் கழித்தே அப்பா அதைத் தொலைபேசியில் சொன்னார். அவளிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். சோளம் முளைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

முளைத்துவிட்டது என்றார்.