காலிப்பருக்குச் சிவப்பு

எங்கள் கார் பழைய கார். என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து ஒரு லீவுக்கு வந்தபோது வாங்கிப்போட்டுவிட்டுப் போனார். அறந்தாங்கியில் எங்கள் வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. லைசென்ஸ் எடுத்து நானும் ஓட்டுகிறேன். ஆனால் அவருடைய அண்ணன் வந்து கேட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்படித்தான் பழகிவிட்டது. சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால் வண்டியில் அண்ணன் வீட்டு ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு அதே விசேஷத்துக்குப் பஸ்ஸில் போவேன். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலிப்பர் என்பது முன்சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புக் கவ்வி. பிரேக்கை மிதித்தால் அதுதான் உள்ளே சுற்றும் தட்டை இறுக்கிப் பிடிக்கும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் காலிப்பர் துருவேறி அசிங்கமாகத் தெரியும். மெக்கானிக், "மேல்துருதாங்க, பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகாதுதான். நான் அழகுக்காகத்தான் அடித்தேன். அழகுக்கு ஒரு காரியம் செய்ய எனக்கு வேறு காரணம் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தேன். நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கப் போட்டேன். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும், என் கை மேல் இல்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் பிரேக் கரியைத் துடைத்து, வயர் பிரஷால் தேய்த்தேன். துரு செங்கல்பொடி மாதிரி உதிர்ந்தது. தட்டிலும் ரப்பரிலும் பெயிண்ட் படக்கூடாது. அதனால் அங்கெல்லாம் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டினேன். சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்ட் ஆன்லைனில் வாங்கியிருந்தேன். சின்ன பிரஷால் மெல்லிசாக ஒரு கை. அது காய்ந்த பிறகு இன்னொரு கை. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் இரண்டாவது கை போட்டுக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும்.

"என்னத்தா இது, வண்டிய இப்பிடி அக்கக்காப் பிரிச்சுப் போட்டிருக்கே?"

"பெயிண்ட் அடிக்கிறேன் மாமா."

"எங்க? அந்த ஓட்டைக்குள்ளயா?" மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, பாதத்துக்கு மருதாணி வச்சு செருப்ப மாட்டி விடுற கத."

அக்காவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் விராலிமலையில் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. "நம்ம வண்டியிலதான் போறோம். சக்கரத்த மாட்டிக் குடு, இப்பவே எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"பெயிண்ட் காயல மாமா."

"ஒங்க வண்டியில எப்பப் பாத்தாலும் ஏதாச்சும் ஒரு வேல."

இதுதான் அவர் பேச்சு. எடுத்துப்போக வேண்டுமென்றால் நம்ம வண்டி. டயர் தேய்ந்தால், பேட்டரி செத்தால், ஒங்க வண்டி. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னது அன்றைக்குத்தான்.

"இப்ப ஒங்க வண்டின்னு சொன்னீங்கள்ல? அப்ப நாங்களே ஓட்டிட்டு வாரோம். எடம் இருக்கு, ஏறிக்கங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பொம்பள ஓட்ட, நான் பக்கத்துல ஒக்காந்து வரவா?"

"பின்னாடி ஒக்காருங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர், "தம்பிகிட்டப் பேசிக்கிறேன்" என்று பைக்கைத் திருப்பினார். அக்கா, ஏறும்போது என்னைப் பார்த்து, "காலையில எத்தன மணிக்குத்தா கெளம்பணும்?" என்றார். நான் நேரம் சொன்னேன். மாமா பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் சக்கரத்தை அப்போதே மாட்டியிருக்கலாம். சக்கரம் காலிப்பரில் உரசாது. பதமாக மாட்டினால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அது தெரியும். அவர்கள் போகும்வரை மாட்டவில்லை. இதில் எனக்கு வருத்தம் இல்லை. வாய்விட்டு, 'வண்டி தர மாட்டேன்' என்று சொல்ல எனக்கு இத்தனை வருஷம் வாய் வரவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது. பூட்டிக் கிடந்தது வண்டி இல்லை, நான்தான்.

காலையில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் அவர் மகள், பேத்தி, என் மகள். தெரு முனையில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டில் ஏற்றினேன். மாமா பைக்கில் வந்தார். அவ்வளவு தூரம் வெயிலில் பைக்கில் வந்த மனிதரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

அன்றைக்கே மஸ்கட்டிலிருந்து போன். "அண்ணன ஏன் பகைச்சுக்கிறே?" என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு, "நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சாவி கேட்டு யாரும் வருவதில்லை. "நீ வர முடியுமாத்தா?" என்று கேட்டு வருகிறார்கள். யோசித்துப் பார்த்தால் என்னைச் சம்பளம் இல்லாத டிரைவர் ஆக்கிவிட்டார்கள். அதுவும் எரிச்சல்தான். ஆனால் வந்து கேட்கிறார்கள். கேட்டால் பதில் என்னுடையது. போன வாரம் முடியாது என்றேன். வாடகைக்கு ஒரு வேன் பிடித்துப் போனார்கள்.