எல்லாருக்கும் ஒரே கண்கள்

செங்கம் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துப் புகைப்படங்கள் மாட்டி வைத்திருக்கிறேன். கீழே ரொட்டி வாங்க வருகிறவர்கள் 'கண்காட்சி' என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஏறி வருவார்கள். ராட்டினம் எங்கே என்று கேட்காத குறையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிப் போவார்கள். ஆசிரமத்துப் பக்கமிருந்து வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கண்மூடி நிற்பார்கள். படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடுவானேன்? இந்த இரண்டு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேதான் இருக்கிறது.

அழகான படங்களை நான் தேடுவதில்லை. நாள்காட்டிகளில் அவை ஏராளமாக இருக்கின்றன. பார்த்தவுடன் 'இதென்ன இது' என்று காலை நிறுத்தவேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். பழசையும் புதுசையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவேன். ஒரே தகட்டில் இரண்டு முறை எடுக்கப்பட்டு, தன் பக்கத்தில் தானே உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர் ஒருவர் முன்னறையில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், பௌர்ணமி கழிந்த காலையில் கிரிவலப் பாதையில் ஜோடி பிரிந்து கிடக்கும் செருப்புகள். அது அடி அண்ணாமலைப் பெண் ஒருத்தி சமீபத்தில் செல்போனில் எடுத்தது.

ஆனால் கூட்டம் வந்தது உள்ளறைக்குத்தான்.

தேரடிப் பக்கம் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பெட்டி என் கைக்கு வந்திருந்தது. பாதிக்கு மேல் செத்தவர்களின் படங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் பலருக்கு அதுதான் முதல் படம். அந்த ஸ்டுடியோவில் டச்சிங் செய்ய ஓர் ஆள் இருந்தார். அச்சான படத்தின் மேல் மெல்லிய தூரிகையால் தாடைக்கட்டை மறைப்பார், நெற்றிக்காசை அழிப்பார், மூடிய இமைகளின் மேல் திறந்த கண்களை எழுதுவார். வீட்டில் மாட்டினால் உயிரோடு இருப்பவரைப் போலவே இருக்கும்.

ஒரு மத்தியானம் அவற்றைத் தரையில் பரப்பினேன். கிழவர், கர்ப்பிணி, போலீஸ்காரர், சின்னப் பையன் என்று முகங்கள் எல்லாம் வேறு வேறு. கண்கள் மட்டும் ஒன்றே. சற்றுப் பெரிய கண்கள். இடது கண் கொஞ்சம் மேலே பார்க்கும். ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த டச்சிங்காரர் எல்லாருக்கும் ஒரே ஜோடியைத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் படங்களை உள்ளறையில் ஒரே வரிசையில், கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி மாட்டினேன். நான் தொகுத்ததிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

வாசலில் ஓர் அறிவிப்பும் வைத்திருந்தேன். வீட்டிலுள்ள பழைய படத்தைக் காட்டினால் சுத்தம் செய்து பெரிதாக ஒரு பிரதி போட்டுத் தருகிறேன், நல்லதாக இருந்தால் காட்சிக்கும் வைக்கிறேன் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அந்த அப்பாவும் மகளும் வந்தார்கள். அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

துண்டில் சுற்றியிருந்த சட்டத்தை மேசைமேல் வைத்தார். "எங்கம்மாங்க. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே போய்ட்டாங்க. பூவாடைக்காரிக்குப் படைக்கணும். படம் பூச்சி அரிச்சிடுச்சு. பெருசா, பளிச்சுனு ஒண்ணு வேணும்."

கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் சுமங்கலியாக இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று அழைத்துப் புடவை வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் கல்யாணம் நல்லபடியாக நடக்கும்.

துண்டை விலக்கினேன். இருபது வயதுகூட ஆகாத முகம். சற்றுப் பெரிய கண்கள், மேலே பார்க்கும் இடது கண், அரிசி நுனிப் புள்ளி. வரிசைக்கு இன்னொன்று கிடைத்துவிட்டது என்று மனம் ஒரு கணம் துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"செத்தப்புறம் எடுத்ததுதாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா கண்ணு மட்டும் அசல். எங்கப்பா அந்த எழுதறவர் பக்கத்துல ஒரு நாள் பூரா குந்திக்கினு, இப்படி இருக்கும் அப்படி இருக்கும்னு சொல்லச் சொல்ல எழுதுனாராம். முடிச்சதும் பாத்துட்டு, அவளேதான்னு அழுதாராம்." மகளின் முகவாயைத் தொட்டார். "இவளப் பாருங்க. அதே கண்ணு. பொறந்தப்பவே எங்கப்பா சொல்லிட்டாரு, உங்கம்மா கண்ணுடான்னு. அதுக்காகவே இவள நான் ஒரு வார்த்த திட்டுனது கெடையாது."

அவள் கண்களும் பெரியவைதான். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நாலு நாளில் பிரதியைக் கொண்டு வந்து தருகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று அவசரப்படுத்தினேன். உள்ளறைக் கதவைச் சாத்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை. "வந்தது வந்தோம், பாத்துட்டுப் போலாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே பெண் உள்ளே போய்விட்டாள். அவரும் பின்னால் போனார். நான் மேசையருகிலேயே நின்றேன். கீழே பேக்கரியில் யாரோ பன் கேட்கும் சத்தம் வந்தது.

போய்ப் பார்த்தபோது அவள் போலீஸ்காரரின் படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் அப்பா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு படத்திலும் நின்றார்.

"எல்லாருக்கும் அம்மா கண்ணு இருக்குது," என்றார்.

பிறகு அவரே நிதானித்து, "அப்ப, இது அம்மா கண்ணு இல்ல," என்றார்.

"இல்லைங்க."

"எங்கப்பா ஒரு நாள் பூரா சொன்னாரே."

"சொல்லியிருப்பாருங்க. இங்க இருக்கற எல்லா வீட்டுலயும் யாராவது போய்ச் சொல்லியிருப்பாங்க. பாத்துட்டு, இதேதான்னு அழுதிருப்பாங்க."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்ப எங்கம்மா கண்ணு எப்படிதாங்க இருந்துச்சு?"

அந்தக் கண்களைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் செத்துப்போய்விட்டார்கள். பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தன் முகத்திலிருந்து யாரோ எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது அவள் நின்ற நிலை. எனக்கு அழுகை வந்தது. இந்த வரிசையை மாட்டாமலே இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

பெட்டியில் நெகடிவ்கள் இருந்தன. டச்சிங்காரர் தூரிகை வைத்தது அச்சுப் படத்தில்தான், நெகடிவில் அல்ல. அவர் அம்மாவுடையதும் அதில் இருக்கலாம், கண் எழுதாத அசல் முகம் தெரியும் என்று சொன்னேன். வேண்டுமா வேண்டாமா என்று நானே முடிவு செய்யாமல் அவரைக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். "தேடுங்க மேடம்," என்றாள் அவள்.

தேடி எடுக்க இரண்டு நாளானது. கம்ப்யூட்டர் திரையில் அந்த முகம் வந்தபோது மூவரும் இருந்தோம். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. நெற்றியில் காசு. களைத்துப்போன ஒரு சின்னப் பெண். இமைகள் மூடியிருந்தன. பழைய படத்தில் இருந்த மிடுக்கு எதுவும் இல்லை.

அவர் வெகுநேரம் பார்த்தார். "எவ்ளோ சின்னப் பொண்ணு," என்றார். பிறகு, "இதையே போட்டுக் குடுங்க. எதையும் அழிக்காதீங்க," என்றார். மேசைமேல் இருந்த பழைய சட்டத்தை என் பக்கம் தள்ளினார். "இது உங்க வரிசைல இருக்கட்டும். அவங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி ஆய்ட்டாங்க."

வரிசையின் கடைசியில் அதை மாட்டியிருக்கிறேன். யாராவது விவரம் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

படையலுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கிணற்றடியிலிருந்து பூ வைத்த கலசத்தைத் தலைமேல் தூக்கி வந்து, நடுவீட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் இறக்கினார்கள். புதுப்புடவை, கண்ணாடி வளையல், சர்க்கரைப் பொங்கல், இலையில் எல்லாம் இருந்தது. உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மூடின கண்ணை வைத்து யாராவது நல்ல காரியம் செய்வார்களா என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பெண்ணின் காதிலும் அது விழுந்திருக்கும்.

மகன்தான் அழைக்கவேண்டும். அவர் கற்பூரத்தைக் காட்டி, "வாம்மா. வந்து குந்தும்மா. புடவை வெச்சிருக்குது, பொங்கல் வெச்சிருக்குது," என்று வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். பிறகு கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்து பாரும்மா," என்றார். "இவதாம்மா உன் பேத்தி."

அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படத்துக்கு நேராக நின்றாள். குனிந்திருந்த முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.