குசினிக்குள் சிக்னல் இல்லை

என் மூத்த மகள் கன்னியாஸ்திரி. ஆபிரிக்காவில் ஒரு மிஷனில் இருக்கிறாள். அந்த நாட்டின் பெயர் எனக்கு இப்போதும் வாயில் சரியாக வராது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருந்துச்சாலை, மடம். மடத்தில் ஆறு பேர். வீட்டாரோடு முகம் பார்த்துக் கதைக்க வருடத்தில் இரண்டு நாள்தான் விடுவார்கள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு நாள், உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு நாள், ஆளுக்கு அரை மணித்தியாலம். இடையில் ஏதும் என்றால் மடத்துத் தலைவியான மதருடைய போனுக்குச் செய்தி அனுப்பலாம். அதை மதரும் பார்ப்பார் என்பதால் நாங்கள் "சுகம், நீ சுகமோ" என்பதற்கு மேல் எழுதுவதில்லை.

மிச்ச நாட்களில் நான் பயந்துகொண்டிருப்பேன். ஒருமுறை ரேடியோவில் ஆபிரிக்காவில் ஏதோ காய்ச்சல் என்று சொன்னார்கள். ஒன்பது நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தேன். பத்தாம் நாள்தான் சின்னவள் போனில் படத்தை விரித்துக் காட்டினாள்.

"இஞ்சை பாருங்கோ, காய்ச்சல் இந்த மூலையிலை, அக்கா அந்த மூலையிலை. முல்லைத்தீவிலை மழை பெய்ய டுபாயிலை குடை பிடிக்கிற ஆள் நீங்கள்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் அது ஒரே நிலம்தானே, காய்ச்சல் நடந்தாவது வராதா என்றுதான் நினைத்தேன்.

போன நத்தாரில் நடந்ததை எழுத வேண்டும். அந்த நேரம் மகள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து ஐந்து வருடம் முடிந்திருந்தது. அடுத்தது நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்தால் சாகும்வரை மடம்தான், கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வர வேண்டும். கொடுக்காமல் விடுவாள் என்று எங்கள் கரையில் ஒருவரும் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் கோயில் பங்கிலிருந்து போன முதல் சிஸ்டர் அவள். அவள் போன நாளிலிருந்து எனக்கும் பெயர் மாறிவிட்டது. மீன் வாங்க வருகிறவனும் "சிஸ்டரின்ரை அம்மா" என்றுதான் கூப்பிடுவான்.

அதனால் நத்தாருக்கு அவள் போன் எடுக்கிறாள் என்றதும் எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. நான்தான் சொல்லி வைத்தேன், மறைக்கவில்லை. பூசை முடிந்து வரும்போது கண்டவரிடமெல்லாம் "நாலு மணிக்குப் பிள்ளை வருவா, வாங்கோ" என்று சொன்னேன். முன்வீட்டு அக்கா கனடாவிலிருந்து மகன் அனுப்பிய, சிலேட்டளவு பெரிய டப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தா. "சிஸ்டரை உந்தத் தீப்பெட்டிக்குள்ளை பாக்கேலாது" என்று எங்கள் போனைத் தள்ளி வைத்தா. பாலன் குடிலுக்கு முன்னால் ஒரு கதிரை, கதிரையில் டப், அதற்கு முன்னால் பாய் விரித்து இருபது பேருக்கு மேல். மாரிக் கடல் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் தொழில் இல்லாத நாள். எல்லாரும் குளித்து, புது உடுப்புப் போட்டு இருந்தார்கள்.

முகம் வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

"அம்மா, ஆரார் நிக்கினம்?" என்று கேட்டாள்.

"எல்லாரும் நிக்கினம் பிள்ளை!" நான் டப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன்.

"பிள்ளை எண்டாதை, சிஸ்டர் எண்டு சொல்லு" என்று அக்கா என் முதுகில் தட்டினா.

டப்பை மறுபடி என் பக்கம் திருப்பியபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பெற்ற முகம் அது. வாய் சிரித்தது. கண் எங்கள் தலைகளுக்கு மேலாலே எதையோ தேடியது.

பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா தன் மருமகளுக்குப் பிள்ளை தங்கச் செபிக்கச் சொன்னா. ஒருவர் மகனின் விசாவுக்குச் செபிக்கச் சொன்னார். கடைசி வீட்டு அப்பு, கடல் தொழிலை விட்டுப் பத்து வருடம் ஆன மனிசன், முன்னுக்கு நகர்ந்து வந்து கேட்டார்.

"சிஸ்டர், அங்கை என்ன மீன்?"

"ஆத்து மீன்தான் அப்பு."

"ஆத்து மீனோ! அதுக்குப் பேசாமல் உபவாசம் இருக்கலாமே."

கூடம் சிரித்தது. அவளும் உண்மையாகச் சிரித்தாள். அந்த ஒரு தரம்தான். சிரித்த வாயோடு என்னிடம், "அம்மா, சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்றேன். பிள்ளைகள் பாலன் பாட்டுப் பாடினார்கள். முடிந்ததும் மறுபடி, "அம்மா, சாப்பிட்டியளோ?" என்றாள். சின்னவள், "அக்கா, அதை முதலே கேட்டுட்டியள், சிங்கம் ஏதும் கடிச்சதோ?" என்று பகிடி விட்டாள். "சிங்கம் இல்லையடி, நுளம்புதான்" என்றாள் மூத்தவள். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் தரமும் அதையே கேட்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். சொல்ல ஒன்று இருந்து சொல்ல முடியாமல் போனால், கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்பாள். எங்கள் பழைய நாய் செத்த நாளில் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து நான்கு தரம் "அம்மா, நேரம் என்ன?" என்று கேட்டாள். ஐந்தாம் தரம்தான், வரும் வழியில் றோட்டில் அதைக் கண்டதைச் சொன்னாள்.

அரை மணித்தியாலம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் குரலைத் தணித்து, "அம்மா, கொஞ்சம் குசினிப் பக்கம் போகேலுமோ?" என்றாள்.

நான் எழும்பவில்லை. எழும்பி டப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே சமையலறைக்குப் போனால் இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஏன் போனாள், சிஸ்டருக்கு என்ன என்று பின்னேரத்துக்குள் கரை முழுக்கக் கதை போகும். அதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"குசினிக்குள்ளை சிக்னல் இல்லை பிள்ளை" என்றேன்.

"ஓம் அம்மா" என்றாள். எல்லாருக்கும் கை காட்டினாள். அடுத்த சிஸ்டர் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

சனம் கேக்கும் கொக்கிஸும் சாப்பிட்டு, "முகத்திலை என்ன அமைதி" என்று சொல்லிப் போனார்கள். போன பிறகு இவர், பிள்ளைகளின் தகப்பன், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"குசினிக்குள்ளை சிக்னல் இல்லையெண்டு ஆர் சொன்னது? நேற்று முழுக்க அங்கை இருந்துதானே உன்ரை தங்கச்சியோடை கதைச்சனி."

நான் அழுதேன். பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, அதைச் சொல்ல வந்தவளை நான் விடவில்லை என்றேன்.

"நீ ஒண்டுக்கு நூறு நினைக்கிறனி" என்றார். அதுவும் உண்மைதான். நான் பயந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு நடந்ததே இல்லை. இனி ஒன்று உண்மையாகவே நடந்தாலும் என் சொல்லை ஆர் கேட்பார்கள்?

ஆனால் உள்ளே என்னை அரித்தது வேறு. அவள் ஏன் மடத்துக்குப் போனாள் என்று ஊருக்கு ஒரு கதை தெரியும், தேவ அழைத்தல் என்று. எனக்குத் தெரிந்தது இன்னொன்று. கடைசிச் சண்டை நேரம் அவளுக்குப் பதின்மூன்று வயது. வளர்ந்த பிள்ளை. பதினாறு என்று மதித்துச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று, "குனிஞ்சு நட, குனிஞ்சு நட" என்று சொல்லிச் சொல்லியே கூட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு அகதி முகாம். முகாமால் வந்த பின் சிஸ்டர்மாரின் விடுதியில் விட்டுப் படிப்பித்தோம். அங்கே அவர்கள் வெள்ளை உடுப்போடு எந்தச் சோதனைச் சாவடியையும் நிமிர்ந்து கடப்பதைப் பார்த்தேன். ஒரு நாள் அவளிடம் சொன்னேன், "இப்பிடி ஒரு உடுப்புக்குள்ளை நீ இருந்தால் நான் நித்திரை கொள்ளுவன்." அவள் உயர்தரம் எழுதிய வருடமே மடத்துக்குப் போகிறேன் என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை சின்னவளைப் பிடித்து மதருக்கு அழைப்பு எடுக்கச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் கிளிநொச்சியில் கடையில் நின்று பழகிய இங்கிலீஷில் கதைத்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா ஒரு கிராமத்துக்குப் போட்டாவாம், ஞாயிறு வருவாவாம். கதைக்கிறது இனி உயிர்த்த ஞாயிறுக்குத்தானாம். அவசரம் ஏதும் எண்டால் சொல்லட்டாம்."

"அவசரம் எண்டு சொல்லு."

"என்ன அவசரம் எண்டு கேப்பாவே!"

"அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லு."

"அம்மா!"

"சொல்லடி."

சொன்னாள். மதர் கிராமத்துக்கே செய்தி அனுப்புவாவாம். ஞாயிறு வரும்வரை நான் மார்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன பொய் அப்படியே பலித்துவிடுமோ என்ற பயம். சனிக்கிழமை உண்மையாகவே தலை சுற்றியது.

ஞாயிறு மத்தியானம் எடுத்தாள். அழுத முகம். "அம்மா, உங்களுக்கு என்ன? டொக்டரிட்டைப் போனியளோ?"

இந்தத் தரம் நான் முதலே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தேன். சின்னவளையும் உள்ளே விடவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. உனக்கு என்ன? அதைச் சொல்லு."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அழுகை கோபமாகியது. "பொய்யோ? நான் மூண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை அம்மா! இப்பிடியும் ஒரு பொய் சொல்லுறதோ?"

"ஓம், பொய்தான். நத்தாருக்கும் பொய்தான் சொன்னனான். நீ என்னை ஏசு, ஏசிப்போட்டுச் சொல்லு."

சொன்னாள். நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க விடச் சொல்லிக் கேட்டுக் கடிதம் எழுத வேணுமாம், உயிர்த்த ஞாயிறுக்கு முதல். ஒரு பக்கக் கடிதம். நான்கு மாதமாய் எழுதுகிறாளாம், கை வரவில்லையாம். அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விருப்பம்தானாம், ஒருவரும் தன்னைக் குறைவாய் நடத்தவில்லையாம். "ஆனால் அம்மா, விருப்பம் எண்டு நான் எழுதினால் அது ஆரின்ரை விருப்பம் எண்டு எனக்கே தெரியேல்லை."

அந்த இடத்தில் ஒரு நல்ல தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போதும் யோசிக்கிறேன். நான் சொன்னது இதுதான்.

"சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது பிள்ளை?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்தேன். அவளுக்குப் பின்னால் எங்கோ கோழி கூவியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் வீட்டை வந்தால் உங்களுக்குத் திரும்பப் பயமாயிருக்குமோ அம்மா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் நித்திரையை அவள் இவ்வளவு வருடமாய்ச் சுமந்திருக்கிறாள்.

"எனக்குப் பயம் எப்பவும்தான்" என்றேன். "நீ அங்கை இருந்தாலும் பயம், இஞ்சை வந்தாலும் பயம். அப்பா கடலுக்குப் போனாலும் பயம், போகாமல் படுத்திருந்தாலும் பயம். அதுக்காக நீ ஒரு இடத்திலை இருக்கத் தேவையில்லை. இருக்க விருப்பமெண்டால் இரு. வரவேணுமெண்டால் வா. சனத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீங்களோ? பாத்துக்கொள்ளுவியளோ?" என்று அழுகைக்குள் சிரித்தாள். எனக்கும் அதில் நம்பிக்கை இருக்கவில்லை.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு ஒரு கிழமை இருக்கும்போது முன்வீட்டு அக்கா வந்தா. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து லீவில் வரும் சிஸ்டருக்குக் கோயிலடியில் வரவேற்பு வைக்கப் போகிறார்களாம். பாண்ட் வாத்தியத்துக்குச் சொல்லியாயிற்றாம். பெரிய பனர் அடிக்க ஒரு படம் வேணுமாம்.

"சிரிக்கிற படமாய்த் தா."

"பனர் அடிக்கச் சொல்லாதேங்கோ அக்கா" என்றேன்.

"ஏன், எளிமையாய்ச் செய்யட்டாமோ?"

"இல்லை. பிள்ளை இன்னும் யோசிக்கிறா. குடுக்கிறதோ இல்லையோ எண்டு. குடுக்காட்டில் வீட்டை வந்திடுவா."

அக்கா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டா. "ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதோ?"

"அவ குடுக்கேல்லை அக்கா. நான்தான் குடுத்தனான். அவவிட்டை இப்பதான் கேட்டிருக்கு."

தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று எழும்பினேன். வேண்டாம் என்று அக்கா போய்விட்டா. தனியே கேத்திலில் தண்ணி நிறைத்துக் கையில் பிடித்தபடி நின்றேன். இவர் வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து கேத்திலை வாங்கி அடுப்பில் வைத்தார். ஒன்றுக்கு நூறு நினைக்கிறாய் என்று இந்தத் தரம் சொல்லவில்லை.

அவள் கடிதம் எழுதினாளா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய காரியம்.

அக்கா வந்துபோன அன்று பின்னேரப் பூசைக்குப் போகாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு சீலை மாற்றிக்கொண்டு போனேன். சிஸ்டரின் அம்மா என்று கோயிலில் முன்வரிசை வாங்கில் எனக்கு எப்போதும் ஓர் இடம் விடுவார்கள். அங்கே போகவில்லை. நடுவில் ஒரு வாங்கின் கரையில் போய் நின்றேன். அதில் இருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி இருந்தா. இடம் விடத்தான் தள்ளினாவோ, என்னை விட்டு விலகத்தான் தள்ளினாவோ. நான் இருந்தேன்.