நாற்பத்தொன்றாம் நம்பர் ஹெல்மெட்

உடம்பை மலைக்கு அனுப்பிவிட்டுத் தலையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிற வேலை என்னுடையது. திருப்பதியில் மலையடிவாரத்து டூவீலர் ஸ்டாண்ட் ஒன்றில் ஹெல்மெட் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். வண்டிக் கண்ணாடியில் மாட்டினால் திருடு போகும். சீட்டில் கவிழ்த்து வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போகும். கையோடு எடுத்துப்போனால் கல்யாணப் பந்தியில் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். நீங்களும் பட்டிருப்பீர்கள், அதனால்தான் எங்களிடம் கொடுக்கிறீர்கள். கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்த அறையில் என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சுவர்ப் பக்கம்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஹெல்மெட்டையும் முகம் சுவரைப் பார்க்கத்தான் வைப்போம். இருநூறு ஹெல்மெட் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் நடுவில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்க முடியாது.

ஒருநாள் காலையில் சித்தூரிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கன் கொடுத்தேன். மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை போய்விட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சாமியிடம் சொல்லப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். அவர் முகம் இருந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. சாயந்திரம் இறங்கிவிடுவீர்களா என்று கேட்டேன்.

"வந்தா வர்றேன். வரலன்னா இத யாருக்காவது குடுத்துடுண்ணா."

மொட்டைகள்

அன்று சாயந்திரம் அவர் வரவில்லை. ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையிலிருந்து மலையிறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பாதிப் பேர் மொட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். மீசையும் போயிருந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வந்த மொட்டைகளையெல்லாம் நிறுத்திச் சித்தூரா என்று கேட்டேன். எல்லோரும் முறைத்தார்கள்.

சூளூர்பேட்டைக்காரர் ஒருவர் தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை. முடி போனால் தொளதொளவென்றுதான் இருக்கும், துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கழற்றி, உள்ளே கையை விட்டுத் தடவினார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உள்ள சூடா கீதுப்பா. இவ்ளோ நேரம் யாரு போட்டுக்கினு இருந்தாங்க?"

ஒன்றரை மணி

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பகலும் நைட்டும் டூட்டின்னு சொல்லிட்டுப் போனீங்களே, துன்னீங்களா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. குரல் நாற்பத்தொன்றிலிருந்து வந்தது. அது ப்ளூடூத் ஹெல்மெட் என்று கேட்டில் நிற்கும் முனிரத்தினம் பிறகுதான் விளக்கினான். கோயிலுக்குள் செல்போனை விடமாட்டார்கள் என்று அந்த மனிதர் அதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்கூட்டர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. போன் வந்தால் ஹெல்மெட் தானாகவே எடுத்துக்கொள்ளுமாம்.

அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "பேசுங்க, மூச்சு வுடறது கேக்குதே" என்றாள். அது என் மூச்சு. உன் புருஷன் மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தைரியம் வரவில்லை. "ம்" என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாங்க, உங்க குரலு வேற எங்கேர்ந்தோ வர்றாப்புல கீது. சரி, நாளிக்குப் பண்றேன்."

லீவு நாள்

மறுநாள் தலைவலி என்று லீவு போட்டேன். ஒன்றரை மணிக்கு அந்த அறையில் இருக்க எனக்குப் பயம், அதுதான் உண்மை. நான் இல்லாத நாளில் முனிரத்தினம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஹெல்மெட் அறை ஷட்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அன்றும் அப்படித்தான் போயிருக்கிறான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஒரு மொட்டை வந்து நாற்பத்தொன்றாம் டோக்கனை நீட்டியது. அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கன்னத்தில் ஓர் அறை விடலாமா என்றும் இருந்தது. "நேத்து மத்தியானம் வரிக்கும் வர்ற எண்ணமே இல்லண்ணா. திடீர்னு வூட்டுக்குப் போலாம்னு தோணுச்சு" என்றார். துண்டைச் சுற்றி ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டேன். வாரைக் கட்டும்போது உள்ளே அவள் குரல் வந்தது. மணி ஒன்றரை. அவர் தட்டுத்தடுமாறி, "வேல..." என்று ஆரம்பித்தார். மேலே சொல்ல அவள் விடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் நன்றாகக் கேட்டது.

"வேல போனது எனக்குத் தெரியும், வூட்டுக்கு வாங்கன்னு நேத்தே இதே நேரத்துக்குச் சொன்னேனே. நீங்களும் 'சரி, வரேன்'னு சொன்னீங்களே."

இப்போதெல்லாம் டோக்கன் கொடுக்கும்போதே வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் லீவு நாளில் உங்களுக்காகப் பதில் சொல்கிறவர் யார் என்று எனக்கே தெரியாது.