துடைத்த தரையில் கால்தடம்

காட்டூர் வீட்டில் என் சங்கிலி திருட்டுப் போனது. போலீஸ் வரும்போது வீடு அழுக்காக இருக்கலாமா என்று தரையைத் துடைத்துவிட்டேன். வேலைக்கு வரும் செல்விதான் எடுத்திருப்பாள் என்றான் மகன்.

கிராப்புத் தலையோடு வந்த போலீஸ்காரப் பெண் முகத்தை மறைக்கும் கண்ணாடி போட்டிருந்தாள்; எதிரே இருக்கும் இடத்தின் மேலேயே படம் காட்டுமாம் அது.

"தடத்தையெல்லாம் தொடச்சிட்டீங்களே, பாட்டிம்மா!"

"வர்றவங்களை அழுக்குலயா நிக்க வைப்பேன்?"

சிரித்துவிட்டாள். நான் துடைப்பதற்கு முன்பே மகன் தரையை எடுத்திருந்த போட்டோக்களைக் கண்ணாடியில் ஏற்றி எனக்கு மாட்டினாள். அடியம்மா, சுத்தமான தரையில் பச்சைப் பச்சையாகக் கால்தடங்கள்! மிதித்துவிடாமல் புடவையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். போலீஸ்காரப் பெண் செல்வியை ஒரு தடத்தின்மேல் கால் வைக்கச் சொன்னாள். செல்வியின் பாதம் அதில் பாதிகூட இல்லை என்று நான் பார்த்துச் சொன்னேன்.

"இவங்க இல்லைங்க சார்" என்றாள் மகனிடம். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

கண்ணாடியைப் பையில் வைத்த பிறகும் அந்தப் பெண் வாசல்வரை தடம் இருந்த இடங்களைத் தாண்டித் தாண்டியே போனாள். ஏனென்று இன்றும் தெரியவில்லை. நானும் செல்வியும் பின்னாலேயே தாண்டிப் போய் வழியனுப்பினோம்.